கைப்பேசியைப் புதுப்பிக்குமுன் செய்ய வேண்டுவன

பட்டாவின் படி, நீரில் மூழ்கிய நெற்பயிரின் படம், வார்டில் நடைபெறும் வடிகால் வேலையின் படம், உறவினர் எண்கள் யாவும் இன்று கைப்பேசியினுள்ளேயே அடங்கியுள்ளன. ஆகவே, புதிய பதிப்பு வந்துள்ளதென்ற அறிவிப்புத் தோன்றியதும், உள்ளவை அழிந்துவிடுமோ என்றஞ்சிப் பலர் அதனை மாதக்கணக்கில் தள்ளி வைக்கின்றனர். அச்சம் நியாயமானதே, ஆயினும் அஞ்ச வேண்டியது வேறொன்றை.

நமது வட்டாரத்து விவசாயி ஒருவர் சென்ற பருவமழையின்போது புதுப்பிக்க முயல, இடம் போதவில்லை என்று கைப்பேசி அறிவித்தது. மருமகப்பிள்ளை அதனைக் கடைக்கு எடுத்துச் செல்ல, அங்கே 'ரீசெட்' செய்து கொடுத்தனர். இடம் கிடைத்தது, வயலின் படங்கள் போயின. பயிர்ச்சேதத்திற்கு அவர் வைத்திருந்த சான்று அவைதாம்.

அப்டேட் வேறு, ரீசெட் வேறு. முன்னது இயங்குதளத்தை மட்டும் மாற்றும். பின்னது நாம் சேர்த்தவை அனைத்தையும் துடைத்துவிடும். 2016-ல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 7 முதற்கொண்டு பல கைப்பேசிகளில் இயங்குதளத்திற்கு இரண்டு அறைகள் உண்டு. புது வீடு முடியும்வரை பழைய வீட்டில் குடியிருப்பது போல, பழையது இயங்குகையிலேயே புதியது மற்ற அறையில் பதியும். அது சரிவரத் தொடங்காவிடில் கருவி பழையதற்கே திரும்பும். எல்லாக் கருவிகளுக்கும் இவ்வசதி இல்லை. ஆதலின் முதலில் பிரதி எடுத்துக்கொள்வதே முறை.

ஜிமெயில் கணக்கு ஒவ்வொன்றுக்கும் 15 ஜி.பி. இடம் இலவசம். படங்களும் வாட்ஸ்அப் பேக்கப்பும் அஞ்சல்களும் அதனையே பங்கிட்டுக்கொள்வதால் விரைவில் நிரம்பிவிடும். எனவே, முக்கியமான படங்களையும் ஆவணங்களையும் மெமரி கார்டிலோ பென் டிரைவிலோ கணினியிலோ தனியே ஒரு பிரதி வைத்து, அதைத் திறந்தும் பார்த்துக்கொள்க. கணக்கில் பிரதி உள்ளதே என்று கூகுள் போட்டோஸ் செயலியில் படத்தை நீக்கினால், கணக்கிலிருந்தும் அது நீங்கும். 60 நாட்களுக்குள் குப்பைப் பெட்டியிலிருந்து மீட்கலாம், அவ்வளவே. கைப்பேசியில் மட்டும் பதிந்த எண்கள் கணக்கிற்குப் போய்ச் சேரா. அவற்றைக் கணக்கிற்கு மாற்றுதல் வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல்களுக்கு அச்செயலியின் அமைப்பினுள் 'சாட்ஸ்' பகுதியில் தனியே பேக்கப் எடுத்தல் வேண்டும்.

கடைக்காரரே கணக்குத் தொடங்கித் தந்திருப்பாராயின், கடவுச்சொல்லை இன்றே கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வீட்டில் வைக்கவும். அது தெரியாதவருக்குக் கணக்கிலுள்ள பிரதி பூட்டிய பத்தாயத்து நெல்லே!

இவை முடிந்தபின், பேட்டரி பாதிக்கு மேல் நிரம்பியதும் சார்ஜரில் செருகி, அமைப்பினுள் உள்ள அப்டேட் பகுதியின் வழியாக மட்டுமே புதுப்பிக்கவும். இடம் போதாவிடில் பிரதி எடுத்த வீடியோக்களை நீக்கினாலே பெரும்பாலும் போதும். நலத்திட்டங்களின் பெயரால் வாட்ஸ்அப்பில் வரும் கோப்பு எதையும் அப்டேட் என்று நம்பித் தொட வேண்டா. வங்கிக் கணக்கைச் சூறையாட வருபவை அவற்றுள் உண்டு. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கவே முறையான புதுப்பித்தல் வருவதால், அதனைத் தள்ளிப்போடுதலும் ஆகாது. வேலை நடக்கையில் திரை கால்மணி நேரம் அசையாதிருப்பினும் பொத்தானை அழுத்தி அணைக்காது பொறுத்திருக்கவும்.