மெய்நிகர்க் கணினியும் விருந்தினர் இயங்குதளமும்

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாய் எண்ணூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் சரக்குப் பெட்டகம் ஏற்றிய வண்டிகள் இரவும் பகலும் நிரைநிரையாய் நிற்றலை நம் மாணவர் அறிவர். சென்னைத் துறைமுகத்தில் பெட்டக முனையம் 1983-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. 20 அடி, 40 அடி என்னும் நீளங்களும், எட்டு மூலைகளிலுமுள்ள பிடிப்புகளும் உலகெங்கும் ஒரே அளவினவாதலின், உள்ளே தோலிருப்பினும் இயந்திரமிருப்பினும் பாரந்தூக்கிக்கு அதனாற் கவலையில்லை.

மெய்நிகர்க் கணினி என்பதும் இத்தகையதொரு பெட்டகமே. ஒரு பெருங்கணினியினுள் மென்பொருளாற் சமைத்த பல கணினிகள் தனித்தனியே இயங்குகின்றன. இடந்தரும் கணினி ஓம்புநர் எனப்படும். உட்குடியிருக்கும் விண்டோஸ், லினக்ஸ் முதலியன விருந்தினர் இயங்குதளங்களாம். இம்முறை புதிதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1972-லேயே வி.எம்./370 என்பதனை அறிவித்தனர். விஎம்வேர் நிறுவனத்தார் 1999-இல் மேசைக் கணினிக்கும் இதனைக் கொணர்ந்தனர்.

செவ்வையாய் அமைத்த ஒரு கணினியை வார்ப்புருவாக வைத்துக்கொண்டு வேண்டும்போதெல்லாம் படியெடுப்பது இக்காலத்து வழக்கம். ஆனால் படியென்பது பெயர், வலைமுகவரி, உள்ளடையாளம் யாவற்றிலும் தாயை ஒத்தது. ஒரே தெருவில் இரு வீடுகட்கு ஒரே கதவிலக்கம் இருப்பின் தபாற்காரர் என் செய்வார்? ஆதலின் ஒவ்வொரு படியிலும் அவற்றை மாற்றியாக வேண்டும். இதுவே தனிப்பயனாக்கம்.

இங்கேதான் பலர் மயங்குகின்றனர். பெட்டகத்தைத் தூக்குதல் வேறு. திறந்து உட்பொருளை மாற்றுதல் வேறு. ஓம்புநர் ஒரு விருந்தினரை இயக்கவல்லதாயினும், அதனைத் தனிப்பயனாக்கவும் வல்லதென்று கொள்ளற்க. விருந்தினரின் வழக்கமறியாது இலையிட்டவன் படும் பாடே இங்கும் நேரும். விண்டோஸுக்குச் சிஸ்பிரெப் என்னும் கருவி வேண்டும். எக்ஸ்பி, சர்வர் 2003 ஆகியவற்றுக்கு விஎம்வேர் முறையில் அதனை மேலாண்மைச் சேவையகத்திற் றனியே வைக்கவேண்டியிருந்தது. விஸ்டா முதலாக அஃது இயங்குதளத்துடனேயே வருகின்றது. லினக்ஸிலோ ஒவ்வொரு குடும்பமும் வலையமைப்பை வெவ்வேறு கோப்பில் எழுதும். விஎம்வேரின் பழைய முறைக்கு விருந்தினருள் அந்நிறுவனத்தின் துணைக்கருவிகளும் பெர்ல் மொழியும் இருத்தல் அவசியம். சிக்கனங்கருதிப் பெர்லை நீக்கிய படி நன்றாய் இயங்கும், தனிப்பயனாக்கமோ நிகழாது. இயங்குதளத்தின் வகையை 'மற்றவை' என்று குறித்துவிட்டால், பட்டியலிற் பொருட்பெயரில்லாப் பெட்டகம் போல அதுவும் மறுக்கப்படும்.

இன்னொரு நுட்பமுமுண்டு. சில லினக்ஸ் வகைகள் வலைமுகவரி கேட்குங்கால், தம் கணினி அடையாள எண்ணைக் கொண்டே தம்மை அறிவிக்கும். வார்ப்புருவில் அவ்வெண்ணை அழியாது விட்டால், பெயர் மாறியும் இரு படிகள் ஒரே முகவரியைப் பெறும்.

இவை அற்பமென எண்ணற்க. 2017 ஜூன் 27-இல் நாட்பெட்யா என்னும் தீநிரல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியபோது, மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு முனையம் தடைப்பட்டது. பத்து நாள்களில் 4,000 சேவையகங்களையும் 45,000 கணினிகளையும் அந்நிறுவனம் மீள நிறுவியதாக அதன் தலைவர் பின்னர்க் கூறினார். அத்தகைய நாளில், படிகள் ஒவ்வொன்றையும் கையாற் றிருத்த நேரமேது?

தொழிற்சாலைகளிற் பழைய இயந்திரங்களை ஆளும் மென்பொருள் சில, பழைய இயங்குதளத்தையே வேண்டும். எக்ஸ்பிக்குரிய ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது. அவ்விருந்தினரைக் கைவிட இயலாதார், ஓம்புநரைப் புதுப்பிக்குமுன் தனிப்பயனாக்கத்திற்கென நிறுவனத்தார் வெளியிடும் ஆதரவுப் பட்டியலைத் தனியே நோக்குக. பின்னர் ஒரு படியை வலையினின்று பிரித்து இயக்கி, அதன் பெயரும் முகவரியும் மாறினவா என்று கண்ட பின்னரே ஏனையவற்றை எடுக்க.