தொழில்சார் சங்கக் கிளையின் ஆளுகையைத் திருத்தியமைத்தல்: சில நடைமுறைப் பாடங்கள்

ஒரே தொழிலைச் செய்வோர் தம் தொழிலறிவை வளர்த்துக்கொள்ளவும், தொழில் நெறிகளைக் காக்கவும், புதியவர்களுக்கு வழிகாட்டவும் கூடி அமைத்துக்கொள்ளும் அமைப்பே தொழில்சார் சங்கம். 1920இல் தொடங்கிய இந்தியப் பொறியாளர் நிறுவனம், 1928இல் தொடங்கிய இந்திய மருத்துவச் சங்கம், 1965இல் தொடங்கிய இந்தியக் கணினிச் சங்கம், 1969இல் அமெரிக்காவில் தொடங்கி இன்று இந்திய நகரங்களிலும் கிளை பரப்பியிருக்கும் திட்ட மேலாண்மை நிறுவனம் ஆகியவை இவ்வகையில் நன்கு அறியப்பட்டவை. இவற்றின் உள்ளூர்க் கிளைகளை நடத்துவோர் பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்த்து, மாலையிலும் விடுமுறை நாளிலும் சங்கப் பணிக்கு வருகிற, ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். கிளை சிறிதாக இருக்கும்போது ஏழெட்டுப் பேர் கொண்ட செயற்குழுவே கூட்டம் ஏற்பாடு செய்து, பேச்சாளரை அழைத்து, சந்தா வசூலித்து, கணக்கும் எழுதிவிடுகிறது. உறுப்பினர் எண்ணிக்கை நூற்றைத் தாண்டி ஆயிரத்தை நோக்கிச் செல்லும்போது பணிகள் பெருகுகின்றனவே தவிர, அந்த ஏழெட்டுப் பேருக்காக எழுதப்பட்ட விதிகள் அப்படியே நின்றுவிடுகின்றன. இந்நிலையில் பெரும்பாலான கிளைகள் முதலில் செய்வது பதவிகளைக் கூட்டுவதுதான். இணைச் செயலாளர், துணைப் பொருளாளர், ஒருங்கிணைப்பாளர் எனப் பட்டியல் நீள்கிறது. ஆனால் இன்ன முடிவை இன்னார் எடுக்கலாம் என்பது எழுதப்படாத வரையில், கூடுதல் பதவிகள் கூட்டத்தை நீட்டிப்பதோடு சரி.

சீரமைப்பைத் தொடங்குமுன் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது கிளையின் சட்ட வடிவமாகும். சில சங்கங்களில் கிளை என்பது தாய்ச் சங்கத்தின் ஓர் அங்கமேயன்றித் தனிச் சட்ட ஆளுமை உடையதன்று. திட்ட மேலாண்மை நிறுவனம் போன்றவற்றிலோ ஒவ்வொரு கிளையும் தனியாகப் பதிவுபெற்று, தாய் நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அதன் பெயரைப் பயன்படுத்துகிறது. முதல் வகையில் துணைவிதிகள், அதாவது அமைப்பின் உள் நிர்வாகத்தை வரையறுக்கும் விதிகள், தலைமையகத்தின் ஒப்புதலின்றி மாறா. இரண்டாம் வகையில் தாய் நிறுவனத்தின் நிபந்தனைகளையும் மாநிலச் சட்டத்தையும் ஒருங்கே நிறைவு செய்தாக வேண்டும். தமிழ்நாட்டில் பதிவுபெற்ற கிளைக்கு 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் பொருந்தும். அச்சட்டத்தின்படி செயற்குழுவில் மூவருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அக்குழு உறுப்பினரின் பதவிக்காலம் மூன்றாண்டுகளை மிஞ்சக் கூடாது. ஆனால் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தடையில்லை. வரி விஷயத்திலும் இந்த வேறுபாடு குறுக்கிடுகிறது. தாய்ச் சங்கத்தின் பான் எண்ணையே பயன்படுத்தும் கிளை, தன் மாநாட்டு வரவு குறைவு என்பதால் ஜிஎஸ்டி தனக்குப் பொருந்தாது என்று கருதிவிட முடியாது. சேவைகளுக்கான 20 லட்சம் ரூபாய் வரம்பு அந்தப் பான் எண்ணின் கீழ் நாடு முழுவதும் ஈட்டப்படும் மொத்த வருவாயை வைத்தே கணக்கிடப்படுகிறது. இவற்றையெல்லாம் அறியாமல் வரையப்பட்ட அழகான துணைவிதிகள் தலைமையகத்திலிருந்தோ பதிவாளர் அலுவலகத்திலிருந்தோ திரும்பி வந்த கதைகள் கிளை நிர்வாகிகளிடையே ஏராளம்.

இனி, சீரமைப்பின் மையத்துக்கு வரலாம். சிறு கிளையின் செயற்குழு, வேலையைச் செய்யும் குழுவாகவும் அவ்வேலையை மேற்பார்வையிடும் குழுவாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது. அமெரிக்க இராணுவப் பொறியாளர் ஹென்றி ராபர்ட் 1876இல் வெளியிட்ட கூட்ட நடைமுறை விதிகளின் வழிவந்த பதிப்புகள், ஏறத்தாழ ஒரு டஜனுக்கு மேற்படாத சிறு குழுக்களுக்கு நடைமுறைகளைத் தளர்த்திக்கொள்ள இடமளிக்கின்றன. எழுந்து நின்று பேச வேண்டியதில்லை, முன்மொழிவுக்கு வழிமொழிவோர் வேண்டியதில்லை, தலைவரே விவாதத்தில் கலந்துகொள்ளலாம். வளர்ந்த கிளையின் செயற்குழு பதினைந்து, இருபது பேராகப் பெருத்த பிறகும் அந்தத் தளர்ந்த நடையிலேயே தொடர்வதால்தான் மூன்று மணி நேரக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் அரங்க வாடகையிலும் மதிய உணவிலும் கழிகிறது. இதற்குரிய மாற்று, இரண்டு பணிகளையும் இரண்டு அடுக்குகளாகப் பிரிப்பதே. ஏழு முதல் ஒன்பது பேர் கொண்ட ஆளுகைக் குழு ஆண்டுத் திட்டம், வரவு செலவுத் திட்டம், நியமனங்கள், கணக்கு மேற்பார்வை ஆகியவற்றை மட்டும் கையாள வேண்டும். நிகழ்ச்சி, உறுப்பினர் சேர்க்கை, பயிற்சி, மாணவர் தொடர்பு போன்றவற்றைத் தனித்தனிச் செயற்பாட்டுக் குழுக்கள் தமக்கு ஒதுக்கப்பட்ட தொகைக்குள் சுதந்திரமாக நடத்த வேண்டும்.

இப்பிரிவு நிலைப்பதற்கு அதிகாரப் பகிர்வுப் பட்டியல் இன்றியமையாதது. எந்த முடிவை யார், எவ்வளவு தொகை வரை, யாரையும் கேட்காமல் எடுக்கலாம் என்று எழுதிவைக்கும் ஆவணமே அது. அதை வெற்றுத் தாளிலிருந்து கற்பனையாக எழுதத் தொடங்குவது வீண் வேலை. முந்தைய ஈராண்டுக் கூட்டக் குறிப்பேட்டை எடுத்து, அதில் பதிவான ஒவ்வொரு முடிவையும் தனித்தாளில் எழுதி, உண்மையிலேயே முழுக் குழுவும் கூடி எடுத்திருக்க வேண்டிய முடிவுகள் எவை, ஒருவரே எடுத்திருக்கக்கூடியவை எவை என்று பிரித்தாலே பட்டியலின் பெரும்பகுதி உருவாகிவிடும். பொன்னாடை, நினைவுப் பரிசு, பதாகை அச்சடிப்பு ஆகியவை பற்றிய தீர்மானங்கள் எத்தனை என்பதை அப்போது எண்ணிப் பார்க்கும் குழுவினர் பொதுவாகச் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். இன்னொரு குறிப்பும் உண்டு: தொகை வரம்பை மிகக் குறைவாக வைத்தால் பட்டியல் பயனற்றுப் போகும். ஐயாயிரம் ரூபாய்ச் செலவுக்கும் ஒப்புதல் கேட்க வேண்டிய நிகழ்ச்சிக் குழுத் தலைவர், இரண்டாம் மாதத்திலேயே எல்லாவற்றையும் செயலாளரிடம் தள்ளிவிடுவார்.

செயலாளர் என்னும் பதவி இங்கே தனிக் கவனத்துக்குரியது. தன்னார்வக் கிளைகள் பலவற்றில் ஒரே மனிதரே கிளையாக இருக்கிறார். உறுப்பினர் பட்டியல் அவருடைய சொந்த மடிக்கணினியில் இருக்கிறது. இணையதளத்தின் முகவரி அவருடைய தனிப்பட்ட மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது. வங்கிக் கணக்கின் ஓடிபி, முந்தைய பொருளாளர் ஊர் மாறிப் போன பிறகும் அவருடைய கைபேசிக்கே செல்கிறது. இது யாருடைய தீய எண்ணத்தாலும் நேர்வதன்று; உழைப்பவரிடமே எல்லாம் போய்ச் சேர்வது இயல்பு. ஆனால் அவர் வேலை மாறினாலோ நோயுற்றாலோ மனம் கசந்து விலகினாலோ கிளை ஒரே நாளில் முடங்கும். ஆகவே துணைவிதிகளைத் தொடுவதற்கும் முன்பாக, கிளையின் பெயரில் ஒரு மின்னஞ்சல், கிளையின் பெயரில் ஒரு கைபேசி எண், இருவருக்கு மேற்பட்டோர் அணுகக்கூடிய கடவுச்சொல் காப்பகம், காசோலையில் கட்டாய இரட்டைக் கையொப்பம் ஆகியவற்றை ஏற்படுத்திவிட வேண்டும். இதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் பெரும்பாலும் தேவைப்படாது. ஒரு மாதத்தில் முடிக்கக்கூடிய வேலை. சீரமைப்பின் மற்றப் பகுதிகள் யாவும் தோற்றாலும் இதன் பயன் எஞ்சி நிற்கும்.

விதிகளை எழுதுவதற்கு எதிராக அடிக்கடி சொல்லப்படும் வாதம், அனைவரும் நண்பர்கள்தானே, இதற்கெல்லாம் எழுத்து எதற்கு என்பது. அமெரிக்கப் பெண்ணிய இயக்கச் செயற்பாட்டாளர் ஜோ ஃப்ரீமன் 1970இல் ஆற்றிய உரையொன்றில் இதற்கு விடை இருக்கிறது. அமைப்பற்ற குழு என்று ஒன்று கிடையாது, எழுதப்பட்ட அமைப்பு இல்லாத இடத்தில் எழுதப்படாத அமைப்பொன்று உருவாகி, நெருங்கிய நண்பர் வட்டத்தின் கையில் அதிகாரம் போய்ச் சேர்கிறது என்பது அவ்வுரையின் சாரம். கிளைகளில் அந்த வட்டம் பெரும்பாலும் முன்னாள் தலைவர்களால் ஆனது. அவர்களுடைய அனுபவம் கிளைக்குத் தேவை. அவர்களுடைய வாக்கு தேவையில்லை. எனவே உடனடி முன்னாள் தலைவர் ஒருவரை மட்டும் ஓராண்டுக்கு ஆளுகைக் குழுவில் வைத்துக்கொண்டு, ஏனையோரை வாக்குரிமையற்ற ஆலோசனைக் குழுவாக அமைப்பதே உகந்தது. இத்தகைய வட்டங்களைத் தடுக்கும் விதிகள் நமக்குப் புதியவை அல்ல. உத்திரமேரூரின் குடவோலைத் தேர்தல் முறையைப் பற்றிப் பெருமிதத்துடன் பேசாத சங்கத் தேர்தல் மேடை தமிழ்நாட்டில் அரிது. முதலாம் பராந்தக சோழன் காலத்து அக்கல்வெட்டுகள் (919, 921) நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமணர் சபைக்கானவை என்பதால் அவற்றை அப்படியே முன்மாதிரியாகக் கொள்ள முடியாது. ஆயினும் முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில், அதாவது சபையின் செயற்குழுவில், இருந்தவரும், வாரியப் பணி செய்து கணக்குக் காட்டாதவரும், அப்படிக் கணக்குக் காட்டாதவரின் நெருங்கிய உறவினரும் போட்டியிட முடியாது என்று அவை விதித்திருப்பதை அம்மேடைகளில் யாரும் நினைவூட்டுவதில்லை.

பதவிக்கால வரம்பைப் பொறுத்தவரை, ஒரே பதவியில் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இருக்கலாகாது என்னும் விதி போதுமானது. அதனினும் முக்கியமானது, குழு முழுவதும் ஒரே நாளில் மாறாதிருப்பது. மாநிலங்களவையில் ஈராண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் மட்டும் ஓய்வுபெறுவதுபோல, கிளையிலும் ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கே தேர்தல் நடத்தினால் பழையவர் புதியவருக்குக் கற்றுக்கொடுக்க நேரம் கிடைக்கும். இம்முறைக்கு மாறும் ஆண்டில் மட்டும் யாருக்கு ஓராண்டு, யாருக்கு ஈராண்டு, யாருக்கு மூன்றாண்டு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்வது சச்சரவைத் தவிர்க்கும்.

வாட்ஸ்அப் குழுவில் எடுக்கப்படும் முடிவுகள் அண்மைக் காலத்தின் சிக்கலாகும். இரவு பதினொரு மணிக்கு இடப்பட்ட ஒரு கேள்விக்கு ஆறு பேர் கட்டைவிரல் காட்டுவது தீர்மானமா என்பதற்குப் பெரும்பாலான துணைவிதிகளில் விடையில்லை. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், கூட்டம் கூடாமலே நிறைவேற்றும் சுற்றறிக்கைத் தீர்மானத்துக்கு வகுத்துள்ள முறையைக் கிளைகள் தழுவிக்கொள்ளலாம்: வரைவும் உரிய ஆவணங்களும் எல்லா உறுப்பினருக்கும் அனுப்பப்பட வேண்டும், பெரும்பான்மையினர் ஒப்ப வேண்டும், அடுத்த கூட்டத்தின் குறிப்பேட்டில் அது பதிவாக வேண்டும்.

தேர்வுப் பயிற்சி நடத்தும் கிளைகளில் நலமுரண், அதாவது ஒருவருடைய சொந்த ஆதாயமும் அவர் வகிக்கும் பொறுப்பும் மோதும் நிலை, அடிக்கடி தலைகாட்டுகிறது. திட்ட மேலாண்மைச் சான்றிதழ் வைத்திருப்போர் அதைத் தக்கவைத்துக்கொள்ள மூன்றாண்டுகளில் 60 தொழில் வளர்ச்சி அலகுகளைச் சேர்க்க வேண்டியிருப்பதால், அத்துறைக் கிளைகளின் வகுப்புகளுக்கு எப்போதும் ஆள் உண்டு, வருமானமும் உண்டு. வகுப்பெடுப்போரே குழுவிலும் அமர்ந்து தம் ஊதிய விகிதத்துக்குத் தாமே கை தூக்கும் நிலை அங்கே எளிதில் உருவாகிவிடுகிறது. தொடர்புடையவர் தம் ஆதாயத்தை எழுத்தில் அறிவித்துவிட்டு, அப்பொருள் முடியும் வரை அறையை விட்டு வெளியேற வேண்டும். வாக்களிக்காமல் உடன் அமர்ந்திருப்பது போதாது.

திருத்தங்களை நிறைவேற்றுவதில் ஒரு நுட்பம் பலனளிக்கிறது. புதிய விதிகள் நடப்பு நிர்வாகிகளின் பதவிக்காலம் முடிந்த பின்னரே நடைமுறைக்கு வரும் என்று வரைவிலேயே எழுதிவிட்டால், ஒவ்வொருவரும் தம் நாற்காலியை எண்ணாமல் விதியை மட்டும் எண்ணி வாக்களிக்க முடிகிறது. தேர்தல் நடக்கும் அதே பொதுக்குழுவில் திருத்தங்களை வைப்பது தவறு. அங்கே எந்த விதியும் ஏதோ ஒரு வேட்பாளருக்கு எதிரானதாகவே படும். சந்தா உயர்வையும் இத்திருத்தங்களோடு சேர்க்கக் கூடாது. சந்தாவுக்கான எதிர்ப்பு முழுச் சீரமைப்பையும் கவிழ்த்துவிடும். வரைவை ஒரு கலந்துரையாடல் கூட்டத்தில் வாக்கெடுப்பின்றி விவாதித்து, ஆட்சேபங்களுக்கேற்பத் திருத்தி எழுதிய பிறகே முறையான அறிவிப்பு அனுப்ப வேண்டும்.

தமிழ்நாட்டுச் சட்டப்படி துணைவிதித் திருத்தத்துக்குச் சிறப்புத் தீர்மானம் தேவை. அதாவது 21 நாள் முன்னறிவிப்புடன் கூட்டப்பட்ட பொதுக்குழுவில் வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கினர் ஒப்ப வேண்டும். அத்தீர்மானம் கைதட்டலுடன் நிறைவேறிய அன்றே பழைய விதிகள் ஒழிந்துவிட்டதாகக் கருதி, உரிய படிவங்களை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்யாமல் விட்டுவிடும் கிளைகள் பல. பதிவாளர் பதிவு செய்யும் வரை பழைய துணைவிதிகளே சட்டப்படி செல்லும்.