மோடத்தின் இரண்டாவது பூட்டு

ரங்கே கவுடர் வீதியில் கடை சாத்தினால் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறோம். வீட்டில் ஜி.எஸ்.டி. கணக்கும் வங்கிக் கணக்கும் பார்க்கிற இணைய மோடத்தை மட்டும் வந்தபடியே விட்டுவிடுகிறோம். 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். மோடங்கள் பலவற்றில் தீய மென்பொருள் புகுந்து இணைப்பு நின்றது. 'அட்மின்' என்ற பெயரும் அதே கடவுச்சொல்லும் மாற்றாமல் கிடந்தவையே சிக்கின.

வைஃபை கடவுச்சொல்லை மாற்றிவிட்டோமே என்பீர்கள். அது வேறு, அட்மின் கடவுச்சொல் மோடத்தின் அமைப்பையே மாற்றுவது. அது அந்நியன் கையில் சிக்கினால், நாம் வங்கி முகவரியைத் தட்டினாலும் போலிப் பக்கத்துக்குத் திருப்பிவிட வழியுண்டு. மோடத்தின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் முகவரி இருக்கும். அதை பிரவுசரில் தட்டி உள்ளே போய், இரண்டையும் மாற்றுங்கள். இணைப்புக் கொடுத்த பையனுக்குத் தெரிந்த சொல்லாக இருக்க வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் பேசுங்கள்.