இலேசான கூடாரத் துணிகளின் உறுதியை ஒப்பிடுதல்

மலைப் பிரதேசங்களில் ஆராய்ச்சிப் பணி புரியும் நிலவியலாரும் தாவரவியலாரும் பனியாறுகளை அளப்போரும் தங்கள் இருப்பிடத்தைப் பல சமயங்களில் தாமே முதுகில் சுமந்து செல்ல வேண்டியிருக்கிறது. இமயத்தில் 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், காற்று மிகுந்த இரவில் கூடாரம் கிழியுமாயின், அது பொருள் நஷ்டத்துடன் முடிவதன்று. உள்ளே இருப்போரின் உயிருக்கே அபாயம் விளையும். உறுதியைக் கருதிக் கனத்த கித்தானைச் சுமக்கலாமெனில் அதுவும் இயலாது. ஆகவே, எடை குறைந்தும் உறுதி குறையாமலும் உள்ள துணியைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்பதே கேள்வி. எளிய சாதனங்களைக் கொண்டே இதற்கு விடை காணும் முறையை இப்பாடம் விளக்கும்.

1. நூலின் பருமனும் துணியின் எடையும்

செயற்கை நூலின் பருமன் டெனியர் என்னும் அளவையால் குறிக்கப்படுகிறது. 9,000 மீட்டர் நீளமுள்ள நூலின் எடை எத்தனை கிராமோ, அத்தனை டெனியர் அந்நூலின் பருமன் ஆகும்.

பாவிலும் ஊடையிலும் சென்டிமீட்டருக்கு 60 வீதம் 20 டெனியர் நூல்கள் உள்ள துணி ஒன்றைக் கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் பாவு நூல் 6,000 மீட்டரும் ஊடை நூல் 6,000 மீட்டரும் இருக்கும். நெசவின் வளைவை நீக்கிக் கணக்கிட்டால், 12,000 மீட்டர் நூலின் எடை சுமார் 27 கிராம். இதன்மேல் பூசப்படும் பூச்சின் எடையும் சேரும்.

டெனியர் என்பது பருமனின் அளவேயன்றி உறுதியின் அளவன்று என்பது கவனிக்கற்பாலது. டெனியர் கூடியதெல்லாம் உறுதி கூடியது என்று கொள்வது தவறு.

2. இழுவலிமையும் கிழிவலிமையும்

துணியை நேராக இழுத்து அறுப்பதற்கு வேண்டிய விசை இழுவலிமை எனப்படும். முன்னரே ஏற்பட்ட கிழிசலை மேலும் ஓடச் செய்யும் விசை கிழிவலிமை எனப்படும். இவ்விரண்டும் வெவ்வேறானவை.

சாதாரண நைலான் நூல் டெனியர் ஒன்றுக்கு ஏறத்தாழ 5 கிராம் விசையைத் தாங்கும் என்று கொண்டால், 20 டெனியர் நூல் ஒன்று தாங்குவது 100 கிராம். மேற்கூறிய துணியில் 5 சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டையில் 300 நூல்கள் இருப்பதால், அப்பட்டை 30 கிலோகிராம் வரை தாங்கக் கூடும். ஆனால் கிழியும்போது நிலைமை வேறு. கிழிசலின் முனையில் ஒரு சமயத்தில் சில நூல்களே சுமையை ஏற்கின்றன. அவை அறுந்தபின் அடுத்தவை அறுகின்றன. ஆகவே 30 கிலோகிராம் தாங்கும் துணி, முள்ளால் ஒரு துளை ஏற்பட்ட பின்னர் அதில் சிறு பங்கு விசைக்கே கிழிந்துவிடலாம். மலையில் கூடாரங்கள் கெடுவது பெரும்பாலும் கல், முள், முளை இவற்றால் விளைந்த சிறு கிழிசலிலிருந்தும் தையல் துளையிலிருந்துமே ஆதலால், கிழிவலிமையை முதலில் நோக்குதல் வேண்டும்.

இக்குறையைப் போக்கவே, சில மில்லிமீட்டர் இடைவெளிதோறும் தடித்த நூலையோ இரட்டை நூலையோ கட்டம் கட்டமாக நெய்கின்றனர். ஓடி வரும் கிழிசல் இத்தடித்த நூலில் தடைப்படுகிறது.

3. பூச்சின் விளைவு

நீர் புகாதிருக்க இருவகைப் பூச்சுகள் பெரிதும் கையாளப்படுகின்றன. பாலியூரித்தேன் பூச்சு நூல்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. அவை நகர இயலாமையால் கிழிசலின் முனையில் ஒவ்வொன்றாக அறுகின்றன, கிழிவலிமை குறைகிறது. சிலிக்கோன் பூச்சோ நூல்களை வழுக்கச் செய்கிறது. முனையிலுள்ள நூல்கள் நகர்ந்து கற்றையாகத் திரண்டு சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன, கிழிவலிமை மிகுகிறது. ஒரே நெசவுத் துணி பூச்சின் வேறுபாட்டால் மட்டுமே உறுதியில் பெரிதும் வேறுபடுவதன் காரணம் இதுவே. ஆயினும், சிலிக்கோன் பூசிய துணியின் தையல்களில் சாதாரண ஒட்டுப்பட்டை பற்றாது. அதற்குரிய சிலிக்கோன் பசையையே தடவ வேண்டும்.

4. ஈரமும் வெயிலும்

நைலான், சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் தன் எடையில் சுமார் 4 சதவீதம் நீரை ஏற்கிறது. பாலியெஸ்டர் ஏற்பது சுமார் 0.4 சதவீதமே. நனைந்த நைலான் தன் உறுதியில் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் இழப்பதுடன் நீளவும் செய்யும். மாலையில் இறுகக் கட்டிய கூடாரம் இரவு மழையில் தொய்வது இதனாலேயே. பாலியெஸ்டர் அவ்வாறு தொய்வதில்லை. பருத்தியோ நனைந்தால் உறுதி கூடும். ஆனால் எடையும் மிகும்.

சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் நைலானைப் பாலியெஸ்டரினும் விரைவில் நலிவுறச் செய்கின்றன. உயரம் 1,000 மீட்டர் கூடுந்தோறும் இக்கதிர்கள் ஏறத்தாழ 10 சதவீதம் மிகுவதால், மலையில் பல வாரங்கள் நிலையாக நிற்கும் கூடாரத்திற்குப் பாலியெஸ்டர் ஏற்றது. நாள்தோறும் பிரித்துச் சுமக்கும் கூடாரத்திற்கு, காற்றின் அதிர்ச்சியை நீண்டு ஏற்கும் நைலான் ஏற்றது.

5. சோதனை

வேண்டுவன: துணி மாதிரிகள், நுண்தராசு, மரச்சட்டங்கள், வாளி, நீர்.

(அ) 10 சென்டிமீட்டர் சதுரத் துண்டை வெட்டி நிறுக்கவும். கிடைத்த எடையை 100ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை வரும்.

(ஆ) 20 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் அகலமும் உள்ள துண்டின் நடுவே, நீளவாக்கில் 10 சென்டிமீட்டர் வெட்டவும். துண்டு காற்சட்டையின் இரு கால்களைப் போலத் தோன்றும். ஒரு காலைச் சட்டங்களுக்கிடையே இறுக்கி மேலே பொருத்தி, மற்றதில் வாளியைத் தொங்கவிட்டு நீரை மெல்ல ஊற்றவும். கிழிசல் ஓடத் தொடங்கியதும் நிறுத்தி, வாளியையும் நீரையும் கீழ்ச்சட்டத்தையும் சேர்த்து நிறுக்கவும். கால்களுக்கு அடியில் மணல் பரப்பி வைத்தல் நலம்.

(இ) இரு திசைகளிலும் ஐந்தைந்து துண்டுகளைச் சோதித்துச் சராசரி காண்க. பாவின் திசையில் வெட்டிய துண்டில் அறுபடுவன ஊடை நூல்களே என்பதை மறத்தலாகாது.

(ஈ) நீரில் ஊறிய துண்டுகளையும், நான்கு வாரம் வெயிலில் கிடந்த துண்டுகளையும் இவ்வாறே சோதித்து, இருட்டில் வைத்த துண்டுகளுடன் ஒப்பிடுக.

6. முடிவு காணும் முறை

கிழித்த விசையைச் சதுர மீட்டர் எடையால் வகுத்தால், சுமக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் கிடைக்கும் உறுதி தெரியும். உதாரணமாக, முதல் துணி 40 கிராம் எடையுடன் 3,000 கிராம் விசையும், இரண்டாவது 60 கிராம் எடையுடன் 2,400 கிராம் விசையும் தாங்குவதாகக் கொள்வோம். ஈவுகள் முறையே 75, 40. கனத்த துணியே இங்கு வலுவற்றது. ஆயினும் ஈவு ஒன்றையே கண்டு முடிவு செய்தலும் கூடாது. மிக மெல்லிய துணி உயர்ந்த ஈவைப் பெற்றும், புயற்காற்றுக்குப் போதாததாக இருக்கலாம். முதலில் தேவையான குறைந்த அளவு விசையை வரையறுத்து, அதனைத் தாங்குவனவற்றுள் எடை குறைந்ததைத் தேர்தலே முறை.

கூடாரங்களுக்கு விலைப்புள்ளி கோருவோர், டெனியரையும் நீர்த்தடை அளவையும் மட்டும் கேளாது, இரு திசைகளிலும் கிழிவலிமை யாது என்பதையும் எழுத்து மூலம் கேட்டல் வேண்டும். ஒரு வரிக் கேள்விதான். எனினும் பயன் பெரிது.

வினாக்கள்

1. 30 டெனியர் நூல் 18,000 மீட்டரின் எடை யாது?
2. ஒரே நெசவுத் துணியின் கிழிவலிமை பூச்சினால் மாறுபடுவது ஏன்?
3. நனைந்த கூடாரம் தொய்ந்தால், அது எவ்வகை நூலால் நெய்யப்பட்டதாக இருக்கலாம்? காரணம் கூறுக.