கடலில் பிடிபடுவதெல்லாம் மீன்தானா?

வடக்கே சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர், கிழக்கே கடல், மேற்கே வயல். இவற்றுக்கு நடுவே உள்ள காரைதீவில் வளரும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகும் முன்பே விலங்குகள் பழக்கமாகிவிடுகின்றன. முள்ளந்தண்டுளி, முள்ளந்தண்டிலி என்று விஞ்ஞான ஆசிரியர் கரும்பலகையில் எழுதும்போது அந்தப் பிள்ளையின் மனதில் வேறொரு பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. தண்ணீரில் கிடப்பது மீன், பறப்பது பறவை, காலில்லாமல் ஊர்வது பாம்பு. பரீட்சைக்கு ஒரு விடை, கடற்கரைக்கு இன்னொரு விடை என்று இரண்டும் ஒட்டாமல் கடைசிவரை கூடவே வருகின்றன. இதில் சில பிழைகள் உயிரை வாங்கக் கூடியவை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

“டொல்பினும் திமிங்கிலமும் பெரிய மீன்கள்” என்பது முதல் நம்பிக்கை. இப்படி நினைப்பவர்கள் வெட்கப்படத் தேவையில்லை. 1758இல் லின்னேயஸ் தமது விலங்கு வகைப்பாட்டு நூலின் பத்தாம் பதிப்பில் திமிங்கிலங்களை முலையூட்டிகளோடு சேர்த்து அறுபது ஆண்டுகள் கழிந்த பின்பும், நியூயோர்க் நீதிமன்றம் ஒன்றில் இதே கேள்வி விசாரணைக்கு வந்தது. மீனெண்ணெய்ப் பீப்பாய்களைப் பரிசோதித்துக் கட்டணம் வாங்கச் சட்டம் இருந்தது. திமிங்கில எண்ணெய்க்கும் அது செல்லுமா என்பது 1818ஆம் ஆண்டு வழக்கு. சாமுவேல் மிச்சில் என்ற அறிஞர் கூண்டில் ஏறித் திமிங்கிலம் மீனல்ல என்று விளக்கினார். ஜூரிகளோ அது மீன்தான் என்று கால்மணி நேரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

ஜூரிகள் பார்த்தது செட்டையையும் உருவத்தையும். பார்த்திருக்க வேண்டியது வாலை. மீனின் வால் செங்குத்தாக நின்று இடமும் வலமுமாக அசையும். டொல்பினின் வால் கிடையாக விரிந்து மேலும் கீழுமாக அடிக்கும். நாலு கால் பாய்ச்சலில் ஓடும் மிருகத்தின் முதுகு வளைந்து நிமிர்வதும் இதே மேல்கீழ் அசைவுதான்; கடலுக்குள் போன பிறகும் அந்த முள்ளந்தண்டு தன் பழக்கத்தை விடவில்லை. முன்செட்டையை அறுத்துப் பார்த்தால் உள்ளே கையெலும்பும் விரலெலும்புகளும் இருக்கும். மூச்சுவிடப் பூ (செவுள்) கிடையாது, நுரையீரல்தான். அதனால்தான் வலையில் சிக்கி மேலே வர முடியாத டொல்பின் கடலுக்குள்ளேயே மூச்சுத் திணறிச் சாகிறது. மீன் ஒரே தடவையில் ஆயிரக்கணக்காக முட்டையிடும். டொல்பின் ஏறத்தாழ ஓராண்டு சுமந்து ஒரு குட்டி ஈன்று பால் கொடுத்து வளர்க்கும். பத்து டொல்பின் செத்தால் அந்தக் கூட்டம் அந்த இழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் ஆகும். இலங்கைச் சட்டம் அதைக் கொல்வதைத் தடை செய்திருப்பதன் நியாயம் அதன் உடலிலேயே இருக்கிறது. திமிங்கிலச் சுறாவோ பெயரில் மட்டும்தான் திமிங்கிலம். பூவால் மூச்சுவிடும், வாலைப் பக்கவாட்டில் அசைக்கும். மீன்களில் எல்லாம் பெரிய மீன் அதுவே.

உயிர் போகும் பிழை என்றேனே, அது அடுத்தது. “கடலில் கிடக்கும் பாம்பு விலாங்கு மாதிரி, அதற்கு விஷமில்லை.”

கச்சான் காலத்தில் கரைவலை இழுத்து மடியை மணலில் கொட்டும் நேரத்தைக் கவனியுங்கள். கீரியும் நெத்தலியும் துள்ளும் குவியலுக்குள் நீளமாக ஏதோ ஒன்று நெளியும். “அஞ்சாளைதான் காக்கா” என்று யாராவது ஒரு தம்பி வெறுங்கையால் எடுத்து எறிவார். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. கடற்பாம்பு எளிதில் கடிக்காது. கடித்தாலும் பல தடவை விஷத்தை இறக்குவதில்லை. இந்த அதிர்ஷ்டம்தான் ‘விஷமில்லை’ என்ற நம்பிக்கையை வளர்த்திருக்கிறது. உண்மையில் கடற்பாம்புகள் நாகமும் எட்டடி விரியனும் சேர்ந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. கடித்த இடம் அவ்வளவாக வலிக்காது, வீங்காது. அரை மணி முதல் சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தசை நோகும், கழுத்தும் தாடையும் இறுகும், பிறகு சிறுநீர் கறுத்துப் போகும். சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் பொருள் சிறுநீரகத்தை அடைப்பதன் அடையாளம் அது.

அஞ்சாளை, விலாங்கு இரண்டும் மீன்கள். தலைக்குப் பின்னால் இரு பக்கமும் பூவின் சிறு துளை தெரியும். முதுகோரமாக நீளச் செட்டை ஓடி வாலோடு சேரும். தோல் வழுவழுவென்று இருக்கும், கண்ணுக்குச் செதில் தெரியாது. கடற்பாம்பின் உடலில் செதில்கள் வரிசையாகத் தெரியும். பூத்துளை இல்லை, செட்டை ஒன்றுகூட இல்லை. வால் மட்டும் துடுப்புப்போல் பக்கவாட்டில் தட்டையாகியிருக்கும். அந்த வாலைக் கண்டால் கையை எடுத்துவிட வேண்டும். களப்புகளிலும் கண்டல் காடுகளிலும் விஷமற்ற பாம்புகளும் உண்டு என்பது உண்மைதான். அவற்றின் வால் அப்படித் துடுப்பாக விரியாது. ஆனாலும் மடியைப் பிரிக்கும் அவசரத்தில் வாலைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம், தடியால் ஒதுக்குங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நமது வைத்தியசாலைகளில் பாவிக்கப்படும் இந்திய விஷமுறிப்பு மருந்து நாகம், எட்டடி விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. கடற்பாம்பின் விஷம் அதில் அடங்காது. ஆகவே கடித்தது கடலில் என்பதையும், வால் எப்படி இருந்தது என்பதையும் வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும். சிறுநீரகத்தைக் காக்கும் சிகிச்சை எவ்வளவு முந்தித் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

வயற்பக்கத்திலும் இதே மாதிரி ஒரு நம்பிக்கை உண்டு. “தலை முக்கோணமாக இருந்தால்தான் விஷப்பாம்பு.” கண்ணாடி விரியனுக்கு அது பொருந்தும். பாயில் படுத்திருப்பவரை இரவில் கடிக்கும் எட்டடி விரியனின் தலையோ கழுத்தை விடப் பெரிதாக அகன்றிருக்காது. ஒரே ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு பாம்பை வகைப்படுத்தப் போகக் கூடாது. அறணை நக்கினால் மரணம் என்பதற்கு அடிப்படையே இல்லை. அறணைக்கு விஷப்பல் கிடையாது.

மட்டக்களப்பின் பாடும் மீனைத் தொடாமல் கிழக்கில் இந்தப் பேச்சு முடியாது. நிலவு காலத்து இரவுகளில் வாவியின் அடியிலிருந்து எழும் அந்த ஓசையை 1848இல் அன்றைய குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் தோணியில் போய், மரப்பலகையில் காதை வைத்துக் கேட்டார். அங்கிருந்த மீனவர்கள் அவரிடம் மீன் பாடுகிறது என்று சொல்லவில்லை. ஊரி அழுகிறது என்று சொல்லிச் சிப்பியினத்தைக் காட்டினார்கள். அவரும் அதையே தமது நூலில் எழுதினார். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் அதே ஓசையை நீரர மகளிரின் பாடலாகக் கவிதையில் கண்டார். விலங்கியல் கேட்பது வேறு: ஓசை எழுப்பும் உறுப்பு எது? ஊரியின் மெல்லுடலில் குரலெழுப்பும் உறுப்பு இல்லை. மீன் ஊமை என்பதோ தவறு. தூண்டிலில் மாட்டிய கீச்சானைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும். அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையைத் தசைகள் அதிர வைப்பதால்தான் அந்தச் சத்தம் வருகிறது. வாவியில் பாடுவது இன்ன உயிர்தான் என்று ஒன்றைப் பிடித்துக் காட்டி எவரும் நிறுவியதில்லை.

“தொல்காப்பியமே விலங்குகளை வகைப்படுத்திவிட்டதே” என்று சிலர் பெருமையோடு சொல்வார்கள். பெருமை நியாயமானது. அந்நூலின் மரபியல் என்ற பகுதி, உயிர்களை அவற்றின் அறிவுப்புலன்களின் எண்ணிக்கையால் ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகிறது. நந்தையும் முரளையும் ஈரறிவில் சேர்க்கிறது, சிதலையும் எறும்பையும் மூவறிவில், நண்டையும் தும்பியையும் நாலறிவில். நந்தும் முரளும் இன்றைய கணக்கிலும் ஒரே தொகுதியைச் சேர்ந்த மெல்லுடலிகள். நண்டும் தும்பியும் கணுக்காலிகள். கூர்ந்து பார்த்தவர்களின் வேலை அது. ஆனால் அந்த நூல் கேட்ட கேள்வி, இந்த உயிர் உலகத்தை எத்தனை வழியில் அறிகிறது என்பது. இன்றைய விலங்கியல் கேட்பது, எது எதற்கு உறவு என்பது.

அந்த நூல் சிதல் என்று எறும்போடு சேர்த்த கறையானையே எடுங்கள். மண்ணில் கூட்டமாக வாழ்வதால் எறும்பின் இனமாகத்தான் தோன்றும். எறும்புக்கு இடை ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கும். கறையானுக்கு இடை ஒடுங்குவதில்லை, உணர்கொம்பு நேராக மணிகோத்ததுபோல் இருக்கும். மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றும் ஈசல் சிறகு முளைத்த கறையான்தான். அதன் நான்கு சிறகும் ஒரே அளவு. எறும்பின் முன்சிறகு பெரிது, பின்சிறகு சிறிது. கறையான் கரப்பானுக்கு உறவு. எறும்போ தேனீ, குளவிக்கு உறவு. நாம் பால் வார்க்கும் பாம்புப் புற்றைக் கட்டியதும் கறையான்தான். பாம்பு அதில் குடியேறியது மட்டுமே.

வெளித்தோற்றத்தை நம்புவதிலும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. தோலைப் பார்த்து முதலையைப் பெரிய பல்லி என்கிறோம். முதலையின் இதயத்தில் நான்கு அறைகள், பறவைக்கு இருப்பதுபோலவே. பல்லிக்கும் உடும்புக்கும் மூன்றுதான். பரம்பரை அலகுகளை ஒப்பிட்ட ஆய்வுகளும் அதையே உறுதி செய்திருக்கின்றன: அம்பாறைக் குளக்கட்டில் வெயில் காயும் முதலைக்கு, அதே கட்டில் ஓடும் உடும்பை விடக் கரையில் மீன் தேடும் கொக்குத்தான் கிட்டிய சொந்தம்.