காலேஜ் பிள்ளை இருக்கிற வீட்டுக்குக் கைகொடுக்கும் குறிப்புகள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து வானம் பார்த்த பூமியில் ஒரு பிள்ளை காலேஜ் படிப்பது மல்லிகைப்பூ காசிலும் தறிக்கூலியிலும்தான். ஒரு பேப்பர் நின்றால் மறுபடி பீஸ். ஒரு கையெழுத்துக்காக மாட்டுத்தாவணியில் இறங்கி, மதுரையைக் குறுக்கே கடந்து, நாகமலைப் புதுக்கோட்டை தாண்டி பல்கலைக்கழகம் இருக்கும் பல்கலை நகர் வரைக்கும் போனால் ஒரு நாள் கூலியும் போச்சு. எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள் படித்து முடித்ததில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன் தோழிகளே, உங்களுக்கு ஆகிறதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. சேர்ந்த முதல் வாரமே சிலபஸ் புத்தகத்தின் முன்பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வையுங்கள். பாஸ் மார்க், கிரெடிட், அரியர் விதி எல்லாம் அந்தச் சில பக்கங்களில்தான் இருக்கும். சேர்ந்த வருஷத்து விதிதான் பெரும்பாலும் கடைசி வரை செல்லும். அதனால் அக்கா படித்த விதியை வைத்துத் தம்பிக்குக் கணக்குப் போடாதீர்கள்.

2. பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படிப்புக்கு நம்ம மாநிலப் பாடத்திட்டத்தில் மொத்தம் 140 கிரெடிட். மேஜர் பாடத்தை மட்டும் முட்டி முட்டிப் படித்துவிட்டு, சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி மாதிரி 2 கிரெடிட், 1 கிரெடிட் பேப்பர்களைக் கோட்டை விடுகிற பிள்ளைகள் நிறைய. அந்த ஒரு கிரெடிட் குறைந்தாலும் பட்டம் கைக்கு வராது. என்.எஸ்.எஸ். முகாமும் அப்படித்தான், ஐந்தாம் பகுதி என்று அதற்கும் கணக்கு உண்டு.

3. எந்தப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்று கேட்கிற பிள்ளைக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். நம்ம பக்கக் காலேஜ் பலவற்றில் மார்க்கைப் பத்தால் வகுத்தால் கிரேடு பாயின்ட். 5 கிரெடிட் பாடத்தில் 62 மார்க், 2 கிரெடிட் பாடத்தில் 90 மார்க் என்று வையுங்கள். 6.2-ஐ ஐந்தால் பெருக்கினால் 31, 9-ஐ இரண்டால் பெருக்கினால் 18, கூட்டினால் 49. மொத்தக் கிரெடிட் ஏழால் வகுத்தால் சரியாக 7. இப்போது பெரிய பாடத்தில் 8 மார்க் கூட எடுத்தால் அந்த 7 என்பது 7.57 ஆகிறது. அதே 8 மார்க்கைச் சின்னப் பாடத்தில் எடுத்தால் 7.23தான். எங்கள் சின்ன மகள் இதை ஒரு சீட்டில் எழுதி அடுப்படி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். பரீட்சைக்கு முந்தின வாரம் எந்தப் புத்தகத்தை முதலில் எடுப்பது என்ற குழப்பமே அவளுக்கு வந்ததில்லை.

4. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சதவீதம் கேட்டால் பிள்ளைகள் தடுமாறுவார்கள். கிரேடைச் சதவீதமாக மாற்றுகிற வழி மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் பெரும்பாலும் அச்சடித்திருக்கும். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் அது மாறும் என்பதால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்து எழுத வேண்டாம்.

5. இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. இன்டர்னலில் முழுசாக வாங்கினாலும் எக்ஸ்டர்னலில் தனியாக ஒரு குறைந்தபட்ச மார்க் எடுத்தே ஆக வேண்டும். இன்டர்னல் மார்க் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன்னால் பிள்ளையிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அன்றைக்கே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு திருத்துவது பெரும்பாடு.

6. செமஸ்டருக்கு 90 வேலை நாள், அதில் 75 சதவீதம் வருகை வேண்டும். அதாவது 22 நாள்தான் லீவு போடலாம். எங்கள் வீட்டில் பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டரிலேயே மேலே 22 என்று எழுதி, லீவு போட்ட அன்றைக்கு ஒன்று குறைத்து 21, 20 என்று எழுதிக்கொண்டே வருவோம். மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயில், பங்குனிப் பொங்கல், மாமன் வீட்டுக் காதுகுத்து எல்லாவற்றுக்கும் அந்த 22-க்குள் இடம் ஒதுக்கிவிடலாம்.

7. காய்ச்சல், அம்மை என்று படுத்தால் டாக்டர் சீட்டை அந்த வாரமே டிபார்ட்மென்டில் கொடுத்துவிடுங்கள். வருகை 75-க்குக் கீழே போய் 65-க்கு மேலே நின்றால், பெரும்பாலான இடங்களில் கன்டோனேஷன் பீஸ் கட்டி எழுத விடுவார்கள். செமஸ்டர் முடிவில் தேடிப்பிடித்து வாங்குகிற சீட்டுக்கு மதிப்பு இல்லை.

8. பரீட்சை பீஸைக் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே கட்டிவிட்டால் அபராதம் மிச்சம். திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி, 1896-ல் மதுரையை விட்டுக் கிளம்பியபோது எடுத்துக்கொண்டது அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்காகக் கையில் கொடுத்திருந்த ஐந்து ரூபாயிலிருந்து மூன்று ரூபாய். மிச்சம் இரண்டு ரூபாயை வைத்து, சம்பளம் இன்னும் கட்டவில்லை என்று சீட்டும் எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். அப்பேர்ப்பட்டவரே பீஸ் பாக்கியைச் சொல்லாமல் போகவில்லை. நம்ம பிள்ளைகளும் கட்டினேனா இல்லையா என்பதை அன்றன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

9. ரிசல்ட் வந்ததும் மார்க் குறைவாகத் தெரிந்தால் அழுவதில் நேரம் போக்க வேண்டாம். விடைத்தாள் நகல், ரீவேல்யுவேஷன் இரண்டுக்கும் கொடுக்கிற அவகாசம் கொஞ்சம்தான். முதலில் நகல் வாங்கிப் பாடம் நடத்தின ஆசிரியரிடம் காட்டுங்கள். அவர் கூடும் என்று சொன்னால் மட்டும் ரீவேல்யுவேஷனுக்குக் காசு கட்டுங்கள்.

10. அரியரைத் தள்ளிப்போடவே கூடாது. சிலபஸ் மாறிவிட்டால் பழைய பாடத்துக்குப் பரீட்சை சில வருஷத்துக்குத்தான் நடக்கும், அதற்குள் முடிக்காவிட்டால் புதுப் பாடத்தை எழுத வேண்டியிருக்கும். அடுத்த செமஸ்டர் பீஸோடு சேர்த்தே அரியர் பீஸையும் எடுத்து வைத்துவிடுங்கள்.

11. காலேஜ் மாற்றுகிறவர்களுக்கு இது முக்கியம். விருதுநகர் மாவட்டத்துக் காலேஜ்கள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இணைந்தவை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டத்தவை அழகப்பா பல்கலைக்கழகத்தில். நரிக்குடியில் ரயில் ஏறினால் மானாமதுரை பக்கம்தான், ஆனால் அங்கே போனால் பல்கலைக்கழகமே மாறிவிடும். அப்படி மாறும்போது முந்தின செமஸ்டர் பாடங்களை ஒப்பிட்டுப் பார்த்து, இல்லாத பாடத்தைக் கூடுதலாக எழுதச் சொல்வார்கள்.

12. அதைவிட முக்கியம், டி.சி.யை முதலில் வாங்கிவிடாதீர்கள்! சேரப் போகிற காலேஜில் இடம் உண்டு என்ற கடிதம், படிக்கிற காலேஜில் தடையில்லாச் சான்று, பல்கலைக்கழக அனுமதி மூன்றும் கைக்கு வந்த பிறகே டி.சி. எங்கள் உறவில் ஒரு பிள்ளை முதலில் டி.சி.யை வாங்கிக்கொண்டு இரண்டு பக்கமும் இடமில்லாமல் ஒரு வருஷத்தையே இழந்தது. அந்த வருஷம் அது கரிமூட்டத்துக்கு வேலைக்குப் போனதை இன்றைக்கு நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

13. ஒரே பல்கலைக்கழகம்தானே என்று தன்னாட்சிக் கல்லூரிக்கு மாறுவதும் அத்தனை சுலபமில்லை. விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் தனி. சிலபஸ் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

14. கிரெடிட் சேமிக்க 2021-ல் ஏ.பி.சி. என்ற வங்கி வந்திருக்கிறது, டிஜிலாக்கரில் 12 இலக்க எண் காசில்லாமல் கிடைக்கும். சேர்ந்த கிரெடிட் ஏழு வருஷம் வரை செல்லும் என்பதால், கல்யாணம், பிரசவம் என்று படிப்பை இடையில் நிறுத்துகிற நம்ம பெண்பிள்ளைகளுக்கு இது பெரிய வரம். மார்க் ஷீட்டிலும் ஆதாரிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருந்தால்தான் கணக்கு ஒட்டும், அதை முதல் வருஷமே சரிசெய்யுங்கள்.

15. என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடங்களை வீட்டிலிருந்தே இலவசமாகக் கேட்கலாம், பரீட்சைக்கு மட்டும் 1000 ரூபாய். 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 4 வாரத்துக்கு 1. பணம் கட்டுவதற்கு முன் துறைத்தலைவரிடம் இந்தப் பாடத்தின் கிரெடிட்டை ஏற்பீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். வாராவாரம் அசைன்மென்ட் உண்டு, 12 வாரத்தில் நல்லதாக வந்த 8 வாரத்து மார்க்கைத்தான் எடுப்பார்கள் என்பதால் இரண்டு வாரம் தவறினாலும் பயமில்லை.

16. அரசின் 'நான் முதல்வன்' திட்டப் பாடத்துக்கும் கிரெடிட் உண்டு, சும்மா வருகிற வகுப்பு என்று விட்டுவிட வேண்டாம்.

17. பத்தாவது முடித்து அருப்புக்கோட்டை அரசு ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷப் பிரிவு படித்த பையன், பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். டிப்ளமா முடித்தால் பி.இ.யிலும் அதே போல நேராக இரண்டாம் வருஷம். ஒவ்வொரு படியிலும் ஒரு வருஷச் செலவு மிச்சம், நடுவில் வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக்கொண்டும் ஏறலாம்.

18. பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலையில் நேராகப் பட்டம் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நில்லுங்கள். தமிழ்நாட்டு அரசு வேலைக்குப் பத்தாவது, பிளஸ் டூ அல்லது அதற்கு இணையான டிப்ளமா, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். தனித்தேர்வராகவாவது பிளஸ் டூ எழுதிவிடுவது நல்லது.

19. கடைசிப் பரீட்சை எழுதியதும் டி.சி., நன்னடத்தைச் சான்றோடு தமிழ் வழியில் படித்த சான்றையும் கேட்டு வாங்குங்கள். அரசு வேலையில் தமிழ்வழி படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதற்குப் பள்ளியிலிருந்து காலேஜ் வரை எல்லாச் சான்றும் வேண்டும். பிள்ளையைத் தெரிந்த தலைமையாசிரியர் ஓய்வு பெறுவதற்குள் பள்ளிச் சான்றை வாங்கிவிட்டால் அலைச்சல் பாதி குறையும்.

20. மார்க் ஷீட்டை லேமினேஷன் போடாதீர்கள். நம்ம ஊர் வெயிலில் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு எழுத்தை இழுத்துவிடும், பின்பக்கம் சீல் வைக்கவும் முடியாது. தகரப் பெட்டியில் வெள்ளைத்தாள் இடையில் வைத்து அடுக்கி, பெட்டியின் அடியில் நிழலில் காய்ந்த வேப்பிலையைப் பரப்புங்கள். கரிசல் மண் சுவரில் கரையான் ஏறும், பெட்டியைச் சுவரை ஒட்டாமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். சித்திரையில் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை திறந்து பார்த்து வேப்பிலையை மாற்றினால் போதும்.