ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்

(சுயதொழில் பாடம்: பழைய காரின் பிறேக்)

இடம்பெயர்ந்தபோது உறவினர் வளவில் விட்டுவந்த பழைய காரை மீண்டும் எடுத்து, மரக்கறி ஏற்றவோ வாடகைக்கு ஓடவோ எண்ணும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. 1990இன் பின் பெற்றோல் கிடைக்காத வடபகுதியில் மொறிஸ் மைனர் போன்ற கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை நாம் மறக்கவில்லை. இவற்றின் எஞ்சின் இலகுவில் சாகாது. புது பற்றரி பூட்டினால் உறுமிவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்ட மகிழ்ச்சியில் வண்டியைத் தெருவில் இறக்குவதுதான் ஆபத்து.

ஓர்ஸ் ஹில் வளவொன்றில் பல ஆண்டுகள் நின்ற மொறிஸ் மைனரை நாம் திருத்தினோம். பிறேக் பெடலை மிதித்தபோது இறுக்கமாகவே இருந்தது. காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருக்க, அது மெல்ல மெல்லத் தரைவரை இறங்கியது. வெளியே ஒரு சொட்டு ஒயிலும் ஒழுகவில்லை. துறைமுகப் பக்கம் இறங்கும் சரிவில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

காரணம் என்ன?

காலின் விசையை ஒயில் மூலம் நான்கு சில்லுகளுக்கும் அனுப்புவது மாஸ்டர் சிலிண்டர். அதனுள் இருக்கும் கிண்ணம் போன்ற றப்பர் தேய்ந்தால், ஒயில் முன்னே போகாமல் பின்னே நழுவும். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நீண்டநாள் நிற்கும் வண்டியில் அந்த ஈரம் சிலிண்டரின் உட்சுவரைத் துருப்பிடிக்க வைக்கும். இந்தக் காரில் இருப்பது ஒரே குழாய்த் தொகுதி. அது கைவிட்டால் மிஞ்சுவது கைப்பிறேக் மட்டுமே.

செய்யும் முறை

1. சாரதியின் காலடியில், தரைத் தகட்டின் கீழ், சட்டத்தினுள் மாஸ்டர் சிலிண்டர் உள்ளது. வண்டியை ஜக்கில் மட்டும் நம்பி அடியில் போகவேண்டாம். உறுதியான தாங்கிகள் வையுங்கள்.

2. சிலிண்டரின் போல்ட்டுகளை வெளியே இழுக்க, முன் சில்லைத் தாங்கும் நீண்ட முறுக்குத் தண்டு தடையாக நிற்கும். அது விசையேறிய தண்டு. பழகிய மெக்கானிக் இல்லாமல் அதைக் கழற்றாதீர்கள்.

3. சிலிண்டரைப் பிரிக்கும்போது உறுப்புகளை வெளிவந்த ஒழுங்கில் துணியில் அடுக்குங்கள். பிஸ்டனுக்கும் றப்பருக்கும் இடையிலுள்ள மெல்லிய வோசரைத் தவறவிடாதீர்கள்.

4. உட்சுவரை வெளிச்சத்தில் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் புது றப்பர்கள் போதும். குழியோ கீறலோ இருந்தால் புது றப்பரும் விரைவில் கிழியும். புதுச் சிலிண்டர் வாங்குங்கள், அல்லது லேத் பட்டறையில் உள்ளுறை போடுங்கள்.

5. மண்ணெண்ணெய், பெற்றோல், எஞ்சின் ஒயில் எதுவும் இதில் படக்கூடாது. றப்பர் ஊதிக் கெட்டுவிடும். புதிய பிறேக் ஒயிலில் கழுவி, அதிலேயே நனைத்துப் பூட்டுங்கள்.

6. பெடலில் சிறிது வெற்று அசைவு இருக்கவேண்டும். இல்லையேல் ஒயில் திரும்ப வழியின்றி பிறேக் பிடித்தபடியே நிற்கும்.

7. தூரத்திலுள்ள பின் இடது சில்லில் தொடங்கி, நான்கிலும் காற்றை வெளியேற்றுங்கள்.

பரீட்சை

பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அது இறங்கக்கூடாது. சில்லுகளிலும் குழாய் மூட்டுகளிலும் ஒழுக்குப் பாருங்கள். கைப்பிறேக்கையும் சோதித்த பின் சமதரையில் மெதுவாக ஓட்டுங்கள். மேட்டு வீதி கடைசியில்தான்.

கடன் எடுத்து வண்டி திருத்துவோர் வர்ணத்துக்கும் இருக்கைக்கும் செலவிடுமுன் பிறேக்குக்குப் பணம் ஒதுக்குங்கள். அயலானை நேசிப்பது என்பது, அவருடைய பிள்ளை தெருவில் குறுக்கே ஓடிவரும்போது நம் வண்டி நிற்கவேண்டும் என்பதும்தான்.

குழுவில் பேசுவோம்

- நம் கிராமத்தில் நீண்டநாள் நிற்கும் வண்டிகள் எத்தனை?
- உதிரிப்பாகங்களைச் சேர்ந்து வாங்க முடியுமா?
- இந்த வேலையைக் கற்க எந்த இளைஞரை அனுப்பலாம்?